முகங்காத்த வீடும் குடிகாத்த வீடும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் மருதமுனையை அடையும் பயணிக்கு அந்நிலத்தின் அமைப்பு எளிதில் விளங்கிவிடும். கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல், இரண்டிற்கும் நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் நிலம். அந்த மணல் நிலத்திலேதான் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகை பார்த்தே புதியவர் அறிதல் கூடும். முஸ்லிம்களின் ஊரும் இந்துத் தமிழர்களின் ஊரும் மாறி மாறி வரும். பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயில் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வரும். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும்வரை இவை யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

இவ்வூர்களின் வயலைப் பற்றியும், கடற்றொழிலைப் பற்றியும், மருதமுனைக் கைத்தறியைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். நாம் இன்று இவ்வூர்களின் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க விரும்புகிறோம். துணைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட உரோமாபுரி வீடொன்றையும் அழைத்துச் செல்வோம்.

கல்முனைக்கும் உரோமாபுரிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவலாம். நம் வீட்டுப் பொருள்களின் பெயர்களைச் சற்று உரக்கச் சொல்லிப் பார்த்தாற் போதும். குசினி, யன்னல், மேசை, கதிரை, அலுமாரி: இவை 1505 இல் இலங்கைக் கரையில் இறங்கிய போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்ற சொற்கள். அவர்களின் மொழியோ உரோமரின் இலத்தீன் மொழியிலிருந்து பிறந்தது. இலத்தீனில் மேசை ‘மென்சா’, சமையலறை ‘கொக்வீனா’, அலுமாரி ‘அர்மாரியம்’. நம் தாய்மார் நாள்தோறும் வாயாரச் சொல்லும் இச்சொற்களிலே உரோமரின் வீடு மறைந்து நிற்கிறது. அலுமாரி என்னும் சொல்லை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக. அதற்குப் பின்னர் வேலை உண்டு.

உரோமர் வீடு

பழைய உரோமரின் செல்வர் இல்லம் தெருவுக்கு முதுகு காட்டி நிற்பது. வெளிச்சுவரில் யன்னல்கள் மிகக் குறைவு. ஒடுங்கிய வாயில் வழியாக உள்ளே சென்றால் ‘ஆத்திரியம்’ எனப்படும் பெருங்கூடம் எதிர்ப்படும். அதன் கூரை நடுவில் திறந்திருக்கும். கூரையின் நான்கு பக்கமும் உட்புறமாகச் சரிந்து மழைநீரைக் கீழேயுள்ள ஆழமற்ற தொட்டியில் இறக்கும். அங்கிருந்து நீர் நிலத்தடித் தொட்டிக்குச் செல்லும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் செட்டிநாட்டு முற்றத்தையும் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. கூடத்தைச் சுற்றிச் சிற்றறைகள். எதிரே வீட்டுத் தலைவன் அமர்ந்து வரவு செலவும் ஊர்வழக்கும் பார்க்கும் அறை. தூண்கள் சூழ்ந்த பின்முற்றமும் தோட்டமும், கிரேக்கரைப் பார்த்துக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவில் சேர்த்துக்கொண்டவை.

முற்காலத்தில் இந்தக் கூடத்திலேதான் இல்லத்தரசியின் மேற்பார்வையில் நூல் நூற்பதும் துணி நெய்வதும் நடந்தன. தறி ஓடும் வீடுகளைக் கண்டு வளர்ந்த மருதமுனைப் பிள்ளைகளுக்கு அக்காட்சியை மனத்தில் வரைவது அரிதன்று. விடியற்காலையில் உதவி நாடி வருவோரும் இக்கூடத்திலேயே காத்திருப்பர். எனவே அது வீட்டின் நடுவில் அமைந்த ஊர்ச்சபை போன்றது. வருவோர் கண்ணில் முதலிற் படவேண்டியது எதுவோ அதை அங்கேதான் வைத்தார்கள். அவர்கள் வைத்தவை முன்னோரின் முகங்கள்.

மெழுகு முகங்கள்

உயர்பதவி வகித்த ஒருவர் இறந்தால், அவரது முகச்சாயல் சிறிதும் பிசகாத மெழுகு முகம் ஒன்று அவரது குடும்பத்தில் இருக்கும். அதனை மரப்பேழையில் வைத்துக் கூடத்தில் அமைப்பர். கீழே அவரது பெயரும் பதவியும் எழுதப்பட்டிருக்கும். விழா நாள்களில் பேழைகளைத் திறந்து அலங்கரிப்பர். கி.மு. 167 இல் பணயக் கைதியாக உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்ட கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு, அங்கு நடந்த சாவு ஊர்வலத்தை வியப்போடு விவரித்துள்ளார். அக்குடும்பத்தில் ஒருவர் இறந்தால், முன்னோரின் உயரமும் உடலமைப்பும் கொண்ட ஆட்களைத் தேடி, அவர்களுக்கு அந்த மெழுகு முகங்களை அணிவித்து, உரிய பதவி உடையும் உடுத்தித் தேரில் ஏற்றிச் செல்வர். மன்றத்தில் அவர்கள் தந்தக் கதிரைகளில் வரிசையாய் அமர, அவர்களின் முன்னிலையில் இறந்தவரைப் பற்றியும், பின்பு ஒவ்வொரு முன்னோரைப் பற்றியும் உரை நிகழும். இறந்தோர் அனைவரும் எழுந்து வந்து உட்கார்ந்திருப்பதைக் காணும் இளைஞன் புகழுக்காக எதைத்தான் செய்யமாட்டான் என்பது அவர் கருத்து.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்னும் அறிஞரும் இம்முகங்களைப் பற்றிக் குறிப்பிடுகிறார். அவற்றை வைத்த பேழைக்கு அவர் வழங்கும் சொல்லே ‘அர்மாரியம்’. ஆம், நம் அலுமாரியின் முப்பாட்டன் அதுவே. இன்னொன்றையும் அவர் சொல்கிறார். வாயிலைச் சுற்றி முன்னோரின் உருவங்களும், பகைவரிடமிருந்து கவர்ந்த பொருள்களும் பொருத்தப்பட்டிருக்கும். வீடு விற்கப்பட்டாலும் வாங்கியவர் அவற்றை அகற்றக் கூடாது. உடையவர் மாறினாலும் வீடு தன் பழைய வெற்றியைக் கொண்டாடிக்கொண்டே இருக்குமாம்.

மெழுகு உருகும் பொருள். அம்முகங்களில் ஒன்றேனும் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் கி.மு. முதலாம் நூற்றாண்டில் செதுக்கிய சலவைக்கல் முகங்கள் பல எஞ்சியுள்ளன. அவற்றில் அழகூட்டும் முயற்சி இல்லை. வழுக்கைத் தலை, ஒட்டிய கன்னம், பல் விழுந்த வாய், நெற்றிச் சுருக்கம், தொங்கும் தாடைத்தோல் என்று முதுமையின் தழும்புகள் யாவும் அப்படியே செதுக்கப்பட்டுள்ளன. கிரேக்கச் சிற்பி மனிதனைத் தேவனாக்க முயன்றான். இந்த உரோமச் சிற்பியோ உழைத்துத் தேய்ந்த கிழவரின் முகத்தையே பெருமைக்குரியதாகக் கண்டான். ‘பார்பெரினி’ சிலை என வழங்கும் உருவம் ஒன்று உரோமாபுரியில் உளது. நீண்ட ஆடை போர்த்திய ஒருவர், முன்னோர் இருவரின் மார்பளவுச் சிலைகளை இரு கைகளிலும் தாங்கி நிற்கிறார். குடும்பப் பெருமை என்பது தூக்கிச் சுமக்க வேண்டிய பாரம் என்பதை அச்சிலை வாய்பேசாமலே உணர்த்துகிறது. பேரரசன் ஆகஸ்தசு காலத்தில் இம்மரபு மாறிற்று. கி.பி. 14 இல் தம் எழுபத்தைந்தாம் வயதில் இறக்கும்வரை அவரது சிலைகள் இளைஞனாகவே அவரைக் காட்டின.

இத்தனை முகங்களும் யாருடையவை என்பதைக் கவனிக்க வேண்டும். பதவி வகித்தவர்களுக்கே மெழுகு முகம் உரியது. பெண்களுக்கோ அரசபதவி இல்லை. உரோமச் சட்டத்தில் வீடும் நிலமும் குடும்பத்தின் மூத்த ஆணாகிய ‘பாத்தர் பமிலியாசு’, அதாவது குடும்பத் தலைவன் கையில் இருந்தன. வீடு தந்தைவழி நினைவின் பெட்டகம். தாய் அதன் கூடத்தில் நூல் நூற்றாள்.

இலங்கை அரசன் கண்ட முகங்கள்

உரோமரின் முகங்கள் நம் தீவுக்கும் வந்தன. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியசு புளோக்காமசு என்பவரின் ஆள் ஒருவன், காற்றில் அகப்பட்டு இலங்கைத் துறைமுகம் ஒன்றை அடைந்ததாகப் பிளினியே எழுதியுள்ளார். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தோம்பினான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை வாங்கிப் பார்த்தான். காசுகளில் வெவ்வேறு மனிதரின் முகங்கள். ஆயின் எடையோ எல்லாவற்றிலும் ஒன்று. ஆட்கள் மாறியும் அளவு மாறாத அந்த நேர்மை அரசனைக் கவர்ந்தது. அதன் பின்னரே குளோடியசு மன்னனிடம் (கி.பி. 41–54) நால்வர் கொண்ட தூதுக்குழு இலங்கையிலிருந்து சென்றது.

உரோமர் காசில் முகத்தை முதலிற் பார்ப்பர். நம் அரசன் எடையை முதலிற் பார்த்தான். தமிழ்நாட்டிலும் இதையொத்த செய்தி உண்டு. 1898 ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியிற் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மேல், பேரரசனின் முகத்தின் குறுக்கே வெட்டொன்று போடப்பட்டிருந்தது. வெட்டியதன் காரணம் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். முகம் போனாலும் பொன்னின் மதிப்புப் போகவில்லை என்பது மட்டும் தெளிவு.

முகம் வையாத கரை

இனிக் கல்முனைக்குத் திரும்புவோம். இங்குள்ள முஸ்லிம் வீடுகளின் மண்டபத்தில் முன்னோரின் சிலையோ மெழுகு முகமோ இராது. சுவரில் திருக்குர்ஆன் வசனம் அழகிய எழுத்தில் இருக்கும். கஅபாவின் படம் இருக்கும். உருவச் சிலை வைப்பது இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாதது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும். பெரியாரின் அடக்கத்தலம் கடலுக்கு அப்பால் நாகூரில் உளது; இங்கே கடற்காற்றில் அசையும் கொடியே அவரை நினைவூட்டுகிறது. முகமில்லாத நினைவு!

அங்கிருந்து சிறிது தெற்கே காரைதீவு. 1892 இல் அங்கே பிறந்து, தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, ‘யாழ் நூல்’ இயற்றிய சுவாமி விபுலாநந்தரின் சிலையை அவ்வூரார் அன்போடு நிறுவியுள்ளனர். ஒரே நெடுஞ்சாலையில் ஓர் ஊர் முகத்தால் நினைவுகூர்கிறது. அடுத்த ஊர் முகமின்றி நினைவுகூர்கிறது. ஆயினும் இவ்விரு சமூகங்களுக்கும் பொதுவான நினைவுப் பெட்டகம் ஒன்று உண்டு. அதன் பெயர் குடி.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் குடி தாய்வழி வருவது. உம்மாவின் குடி எதுவோ அதுவே பிள்ளையின் குடி. ஒரே குடியில் மணமுடிக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். ஒரு தாய் வயிற்றின் வழி வந்த கிளையை ‘வயிற்றுவார்’ என்று கூறும் சொல்லும் இப்பகுதிக்கே உரியது. இந்துக் கோயில்களில் திருவிழா உரிமைகள் குடிமுறைப்படி வகுக்கப்பட்டிருந்தன. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்து பேசினார். பள்ளியில் அமர்ந்தவர் ஆண்தான். ஆனால் அவரை அங்கே அமர்த்திய உரிமை அவருடைய தாய் வழியாக வந்தது. உரோமர் மெழுகில் தந்தையரைக் காத்தனர் என்றால், இக்கரையார் குடிப்பெயரில் தாய்மாரைக் காத்தனர் எனலாம்.

மகளுக்கொரு வீடு

குடியைக் கண்ணாற் காணமுடியாது. அதனைக் கண்ணுக்குக் காட்டுவது வீடு. இங்கே திருமணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் தலையாய கடமை. மூத்த மகளுக்குத் திருமணம் நடந்ததும் வீடு அவள் பெயருக்கு மாறும். சிறிது காலம் யாவரும் ஒன்றாய் இருப்பர். பின்னர் பெற்றோர் ஏனைய பிள்ளைகளோடு அதே வளவிலோ அருகிலோ வேறொரு வீடு கட்டிக் குடிபோவர். அடுத்த மகளுக்கு அந்த வீடு. கடைசி மகளின் வீட்டிலேயே முதுமையில் தங்குவதும் உண்டு. இவ்வாறு ஒரு தலைமுறை கடந்ததும் ஒழுங்கை முழுவதும் ராத்தா, தங்கை, சாச்சி, பெரியம்மா என்று ஒரே வயிற்றுப் பெண்களின் வீடுகளாய் நிறைந்துவிடும். கணவர்மாரே வெளியிலிருந்து வந்தவர்கள்.

வீட்டின் அமைப்பும் இதற்கு இயையவே அமைந்தது. பழைய வீடு களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் உடையது. பின்னர் கல்வீடும் ஓட்டுக்கூரையும் வந்தன. உரோமர் வீட்டில் முற்றம் வீட்டுக்குள் இருந்தது. இங்கே வீடு முற்றத்துக்குள் இருக்கிறது. மணல் பரந்த வளவு, அதனைச் சூழ்ந்த வேலி அல்லது மதில், தெருவைப் பார்த்த கடப்பு. முன்னே ஆண்கள் வந்து அமரும் திண்ணை அல்லது விறாந்தை. உள்ளே மண்டபமும் அறைகளும். பின்னே குசினியும் கிணறும். இந்தப் பின்பகுதி பெண்களின் ஆட்சிக்கு உட்பட்டது. சகோதரிகளின் வளவுகளுக்கிடையே பல இடங்களில் வேலியில் சிறு வழி விடப்பட்டிருக்கும். தெருவில் இறங்காமலே கறிக்கிண்ணம் ஒரு குசினியிலிருந்து மறு குசினிக்குச் செல்லும். நோயுற்றவளுக்குக் கஞ்சி செல்லும். அழுகிற பிள்ளை உம்மாவைப் பெற்ற உம்மாவிடம் செல்லும். உரோமச் செல்வனின் முன்கூடம் ஊருக்குத் திறந்தது. நம் கரையின் பின்வளவு உறவுக்குத் திறந்தது.

இம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூறவரவில்லை. மூன்று பெண்மக்களைப் பெற்றவர் வாழ்நாளில் மூன்று வீடு கட்டவேண்டும். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நிலமோ வளராது. வளவு துண்டு துண்டாகி, வீடுகள் நெருங்கி, முற்றம் குறுகிவிட்டது. வீடு முடியாமையால் திருமணம் தள்ளிப்போன பெண்கள் உண்டு. தங்கையின் வீட்டுக்காக மத்திய கிழக்கிற் போய் வெயிலில் உழைத்த சகோதரர்கள் உண்டு. தம் வீட்டுக்காகத் தாமே கடல் கடந்து பணிசெய்த பெண்களும் உண்டு. மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்கவேண்டும் என்று கூறும் மார்க்கத்தில், மணமகளிடம் வீடு கேட்பது முறையா என்று மார்க்க அறிஞர் பலர் கேட்பதும் நியாயமே. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. கணவர் இறந்தாலும் பிரிந்தாலும் இங்கே பெண் தெருவில் நிற்பதில்லை. வீடு அவளுடையது, அடுத்த வேலியில் அவளுடைய உம்மா.

அலை வந்த பின்

2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை கடல் எழுந்து வந்தது. இலங்கையில் எந்த மாவட்டத்திலும் அதிகமாக அம்பாறை மாவட்டத்திலேயே, 10,000 இற்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. மருதமுனையிலும், கல்முனைக்குடியிலும், சாய்ந்தமருதிலும் கடலோர ஒழுங்கைகள் அடையாளம் தெரியாமல் அழிந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, பெண்களும் பிள்ளைகளும் வீட்டிலிருந்த வேளை. ஒரே வயிற்றார் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தமையால், உம்மாவும் சகோதரிகளும் அவர்தம் பிள்ளைகளும் ஒருங்கே மறைந்த குடும்பங்கள் உண்டு.

உரோமரின் பொம்பேயி நகரைக் கி.பி. 79 இல் வெசுவியசு எரிமலை மூடியது; பிளினியும் அப்பேரிடரிலேயே உயிர் நீத்தார். ஆயின் அங்கே சாம்பல் மக்களைக் கொன்று வீடுகளைக் காத்தது. சுவரோவியமும் நீர்த்தொட்டியும் இன்றும் உள்ளன. உரோமர் வீட்டைப் பற்றி நாம் மேலே கூறியவற்றுட் பல அங்கிருந்து அறிந்தவையே. நம் கரையில் அலை மக்களையும் கொண்டுபோயிற்று, வீட்டையும் துடைத்துப்போயிற்று. அலுமாரியில் இருந்த காணி உறுதியும், திருமணப் பதிவும், ஒன்றிரண்டு புகைப்படங்களும் சேற்றோடு சென்றன. எஞ்சியவை கிணற்றுக் கட்டும் அத்திவாரமும்.

கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை மீண்டும் வீடு கட்டக் கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இடமின்றித் தவித்தோருக்கு வேறிடங்களில் புதிய வீடுகள் கட்டப்பட்டன. சில இடங்களில் தொடர்மாடிகளும் எழுந்தன. உதவி செய்தோர் பலர். அவர்தம் நல்லெண்ணத்தை நாம் குறைத்துக் கூறமாட்டோம். ஆயினும் படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. அதில் பெரும்பாலும் கணவரின் பெயரே எழுதப்பட்டது. அலைக்கு முன் மனைவியின் பெயரில் இருந்த சீதன வீட்டுக்கு ஈடாக, அலைக்குப் பின் கணவரின் பெயரில் வீடு வந்த குடும்பங்கள் பலவென்று ஆய்வாளரும் பெண்களுரிமை அமைப்பினரும் எடுத்துக்காட்டியுள்ளனர். மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தபோது, முதல் தாரத்துப் பெண்மக்களின் உரிமை என்னாவது என்ற கேள்வியும் எழுந்தது.

எவரும் சூழ்ச்சி செய்து இது நிகழவில்லை. வீடு என்றால் ஆணின் வீடு என்று எண்ணிப் பழகிய கை ஒன்று அக்கட்டத்தை வரைந்தது. உரோமாபுரியின் பாத்தர் பமிலியாசு, ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு தாளின் கட்டத்துக்குள் புகுந்து, அவர் ஒருபோதும் ஆளாத ஒரு கரையின் வீட்டுக்கு உடையவராகிவிட்டார்! தொடர்மாடியிலும் இதே இடர்தான். நான்காம் மாடியில் வாழும் உம்மா, மகளுக்கு எந்த வளவைப் பிரித்துக் கொடுப்பார்? எந்த வேலியில் வழி திறப்பார்?

நாம் செய்யத்தக்கது

கட்டடக் கலையைப் பற்றி நாம் பேசும்போது பெரும்பாலும் தூபியையும், கோபுரத்தையும், கோட்டையையுமே பேசுகிறோம். கல்முனையின் சாதாரண ஓட்டு வீடு எவருக்கும் கலைப்பொருளாய்த் தோன்றாது. ஆனால் உரோமரின் ஆத்திரியம் எப்படி ஒரு சமுதாயம் யாரை நினைவில் வைக்க விரும்பியது என்பதைச் சொல்கிறதோ, அப்படியே இந்த வளவும், வேலியும், பின்வழியும் சொல்கின்றன. வேலி போய் உயர்ந்த மதில் வந்துவிட்டது, பின்வழிகள் அடைபடுகின்றன, மாடிகள் எழுகின்றன. காலத்தின் மாற்றத்தைத் தடுக்க இயலாது; தடுக்கவும் வேண்டுவதில்லை. என்ன இருந்தது என்பதை அறிந்து மாறுவது நன்று.

எனவே இக்கரையின் மாணவ மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையுங்கள். கடப்பு எங்கே, கிணறு எங்கே, முன்னைய வேலியின் வழி எங்கே என்று குறியுங்கள். வீட்டிலுள்ள மூத்த பெண்மணியிடம் கேட்டு, அவ்வீடு எந்த ஆண்டில், யாரால், எந்த மகளுக்காகக் கட்டப்பட்டது, அவள் என்ன குடி, உறுதி யார் பெயரில் உளது என்பவற்றைக் கீழே எழுதுங்கள். உறுதியில் பெயர் மாறியிருந்தால், ஏன் மாறிற்று என்பதையும் பெரியோர்கள் கூடிப் பேசித் தீர்க்கட்டும். உரோமன் தன் மெழுகு முகத்தின் கீழ் எழுதிவைத்த பெயரும் பதவியும் போன்றதே அந்தத் தாள். முகம் வேண்டாம்; பெயர் போதும். எழுதி முடித்ததும் அதனை மடித்து, உம்மாவின் அலுமாரியில், உறுதிப் பத்திரத்தின் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.